மூடிய மாதம்

ஆயிரத்து எண்பது கிராம்.
தராசில் அவள் கிடந்தபோது
எனக்கு முதலில் தோன்றியது
ஒரு கிலோ சீனி, மேலே ஒரு கை.
கணக்கு எழுதுகிறவள் இப்படித்தான் நினைப்பாள், மன்னியுங்கள்.

பெயர் இன்னும் இல்லை.
கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய பிளாஸ்டரில்
'தவமலரின் பேபி' என்று
என் பெயரே கிடந்தது,
நான் உள்ளே படுத்திருப்பதுபோல.

எண்பத்து நாலு நாள் லீவு,
ஞாயிறும் போயாவும் நீக்கி.
கப்பல்துறைத் தொழிற்சாலையில் எட்டு வருஷமாக
எல்லாப் பெண்களுக்கும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.
வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்று
எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

அறுபத்தாறு நாள் பெரியாஸ்பத்திரியில்.
கழிக்கவேண்டியதைக் கழித்தால் ஐம்பத்தைந்து.
மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம்
பால் பிழிந்து மூடிபோட்டுக் கொடுத்தேன்;
இரண்டு மில்லி, பிறகு ஐந்து, பிறகு பன்னிரண்டு,
நேர்ஸ் குழாயால் இறக்கினா.
வெளியே மான்கள்
யாரோ தவறவிட்ட மருந்துச் சிட்டையைத் தின்றுகொண்டிருந்தன.
மிச்சம் இருபத்தொன்பது.
அவள் என் வயிற்றில் இருந்ததும் இருபத்தொன்பது கிழமை.
எண்கள் இப்படிப் பொருந்தினால்
எங்கோ பிழை என்று தேடுவேன். பழக்கம்.

இன்பராசாவுக்கு லீவு என்ற சொல்லே இல்லை.
கொட்பேயில் ஐஸ் உடைக்கிற வேலை;
போகாத நாள் போகாத நாள்தான்.
பின்னேரம் ஓடிவந்து பெட்டிக்குள் கைவிடப் போக,
"கையைச் சூடாக்கிப்போட்டு வாங்கோ" என்றா நேர்ஸ்.
கக்கத்துக்குள் கைகளைச் செருகி
அரைமணி நேரம் சுவரோடு நின்றார்.
பார்வை நேரம் முடிந்தது.

பிறகு அவள் வீட்டுக்கு வந்தாள், இரண்டு கிலோ நூறு.
இருபத்தொன்பதும் போயின.
கூடுதலாகப் பன்னிரண்டு கேட்டேன்.
தந்தார்கள், சம்பளம் இல்லாமல்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள்
பின்னேர பஸ்ஸில் கண்டக்டர் கத்தினான்:
"பாலையூற்று! பாலையூற்று!"
இருபது வருஷமாக எனக்கு அது வெறும் ஹோல்ட்.
அன்றைக்குக் கட்டளையாகக் கேட்டது,
பாலை, ஊற்று.
சட்டையின் முன்பக்கம் நனைந்தது.
ஹாண்ட்பேக்கை மார்போடு பிடித்தபடி
இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போனேன்.

மாதக் கடைசி. சம்பளப் பட்டியலில்
என் வரிக்கு நானே வந்தேன்.
நோ-பே: 12. காரணம்:
தொட்டால் விரிவது மூன்றே மூன்று,
சுகவீனம், சொந்த அலுவல், மற்றவை.
சுகவீனம் எனக்கு இல்லை.
அவள் என்ன, சொந்த அலுவலா?
'மற்றவை'யை அழுத்தினேன்.

அப்போதுதான் ஜெஸீமாவின் பக்கத்தைத் தேடினேன்.
கிண்ணியா, பொதிகட்டும் பகுதி.
மூன்று வருஷத்துக்கு முந்திய ஓகஸ்ட்.
நோ-பே: 17. மற்றவை.
மகனுக்கு மூச்சுச் சரியில்லை, பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று
என் மேசைக்கு முன்னால் நின்றவள்.
"சட்டத்தில இடமில்லை, தங்கச்சி" என்று
ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.
அந்தத் தண்ணீரைப் பற்றி
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
கட்டத்தைத் தொட்டேன், திறக்கவில்லை.
மூடிய மாதத்தை யாராலும் திருத்த முடியாது;
அந்தப் பூட்டைப் போடச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் மத்தியானம் அவளே வந்தாள்.
என் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.
"நூல் ஸ்டோருக்குத் தாழ்ப்பாள் இருக்கு.
போங்க, நான் வெளிய நிக்கிறன்."

உள்ளே, நீலநூல் கூம்புகளுக்கு நடுவே
போத்தல் மெல்ல நிறைந்தது.
கதவின் கீழ் இடைவெளியில் அவளுடைய செருப்பு.
மகன் எப்படி என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.
மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது.
செருப்பு நகரவில்லை.